உன்னுது

ஷெட்டின் கடைசி மூலையில் தார்ப்பாய் போட்டுக் கிடந்த வண்டியை எலி வெளிச்சத்துக்கு இழுத்தபோது, ஒரு சக்கரம் மட்டும் சுற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் பெரியப்பா காதுக்காரர் போய் அதைக் காலால் ஒரு எத்து எத்தினார். சுற்றியது. தார்ப்பாயை உருவியதும் முதலில் பழைய ரப்பர் வாசம் வந்தது. பின்னாலேயே இன்னொரு வாசம், எண்ணெய் கருகிய வாசம். எண்ணெய் கருகினால் கொஞ்சம் இனிப்பாக நாறும். சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எலியின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எலிக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் அப்பாதான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஸ்டியரிங்குக்கு அடியில் புகுந்து ஒயர் இழுத்துக் கொடுப்பாள், கூப்பிட்டால் வெளியே வரமாட்டாள். இப்போது ஆள் வளர்ந்து, ரேஸ் ட்ராக்கில் மற்றவர்கள் வண்டியைக் கூலிக்கு ஓட்டுகிறாள். பெயர் மட்டும் மாறவில்லை.

அந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன்தான் காதுக்காரர். கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டாதவர், ஷெட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தார். வண்டி தெருமுனை திரும்பும்போதே எந்த சிலிண்டர் சோம்பேறித்தனம் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவார். தம்பி, எலியின் அப்பா, கைக்காரன். போல்ட்டை முறுக்கினான் என்றால் அது அவன் சொன்ன இடத்தில் நிற்கும். ஒருத்தருக்குக் காது, ஒருத்தனுக்குக் கை. இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு முழு மெக்கானிக் என்று பக்கத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் லேத்துக்காரர் கிண்டல் பண்ணுவார்.

அவர்கள் வேலை செய்யும் முறையும் அப்படித்தான் இருந்தது. என்ஜினின் முக்கியமான போல்ட் எல்லாம் இரண்டு முறுக்கு வாங்கும். முதல் முறுக்கு அளவுக்கு. இரண்டாவது முறுக்கு அதற்கு மேல் இன்னும் கொஞ்சம், போல்ட்டே ரப்பர் மாதிரி ஒரு இழை நீளும் வரைக்கும். அந்த நீட்சிதான் அதைப் பிடித்து நிறுத்தும். முதல் முறுக்கு அண்ணனுடையது. முறுக்கிவிட்டு, "உன்னுது" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குக் கை கழுவப் போய்விடுவார். தம்பி வந்து கடைசி முறுக்குப் போடுவான். போட்டுவிட்டு ஸ்பானர் பிடியால் என்ஜினை ஒரு தட்டு, ஒரு தட்டு. டக் டக். ஆச்சு என்று அர்த்தம். அந்தச் சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்கும். கேட்டதும் தம்பி பொண்டாட்டி அடுப்பில் டீயை வைப்பாள். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் கடிகாரம் பார்த்து யாரும் டீ போட்டதில்லை.

அந்தக் கைக்காரன்தான் போன வருஷம் ட்ராக்கில், தூரத்து வளைவுக்கு முன்னால், இந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு நின்று செத்துப்போனான். வண்டி எதிலும் மோதவில்லை. யாரோ பார்த்துப் பதமாக நிறுத்தியது போல் மணலில் ஏறிச் சாய்ந்து நின்றது. ஆனால் அவன் இரண்டு காலும் பெடலை விடவில்லை. இடது கால் கிளட்சில், வலது கால் ஆக்ஸிலேட்டரில். என்ஜின் அலறியது. ட்ராக்கின் இந்தப் பக்கம் நின்றிருந்த காதுக்காரர் அந்த அலறலைக் கேட்டுக்கொண்டே ஓடினார். வண்டி சாய்ந்ததில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிப்போய், உள்ளே இரும்பும் இரும்பும் வெறுமனே உரசிக்கொண்டிருந்தன. அவர் போய்ச் சேர்வதற்கு முன்னால் என்ஜின் ஒரு தரம் இருமிவிட்டு நின்றது. கதவைத் திறந்தபோது தம்பி நேராக ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

வண்டி மேல் குற்றம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார்கள்.

"அப்பா பாதி சுத்துலயே நின்னுட்டாரு பெரியப்பா," என்றாள் எலி. "மீதி பாதிய நான் ஓட்டி முடிச்சு வண்டிய வீட்டுக்குக் கொண்டு வரணும். அப்புறம் வித்துடுங்க, உடைச்சுடுங்க, எனக்கு ஒண்ணுமில்ல."

"உங்கம்மாவக் கேளு."

கேட்டாள். இரண்டு நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. மூன்றாவது நாள் அம்மா ஷெட்டு வாசலில் வந்து நின்றாள். புருஷனின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, இவ என் பேச்சக் கேக்க மாட்டா. ஒண்ணு சொல்றேன். வண்டி சரியா இருக்குன்னு நீங்க உங்க வாயால என்கிட்ட சொல்லணும். இவ கம்ப்யூட்டர் சொல்றது எனக்கு வேணாம். நீங்க சொன்னா அனுப்பறேன். நீங்க சொல்லலைன்னா அது அந்த மூலையிலேயே கிடந்து துருப்பிடிக்கட்டும். எனக்கு மிச்சம் இருக்கறது இவ ஒருத்திதான்."

"சொல்றேம்மா," என்றார் காதுக்காரர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அது எவ்வளவு கனம் என்று அவருக்கே தெரியும்.

என்ஜினை இறக்கிப் பிரித்தபோது உள்ளே ஒன்றுமே உருப்படியாக இல்லை. பேரிங் எல்லாம் உருகி ஒட்டிப்போயிருந்தது. பிஸ்டன்களின் தள்ளலில் சுற்றுகிற கிராங்குத் தண்டை லேத்துக்காரர் பட்டறையில் கடையக் கொடுத்தார்கள். புதுப் பிஸ்டன், புது ராடு, புது போல்ட். நத்தைக்கும் உள்பாகத்தை மாற்றினார்கள். டர்போவை அந்த வீட்டில் நத்தை என்றுதான் சொல்வார்கள், பார்க்க அப்படித்தான் இருக்கும். புகையின் வேகத்தில் சுற்றி, என்ஜினின் வாயைப் பிளந்து காற்றைத் திணிக்கிற நத்தை. திணிக்கத் திணிக்க பலம் வரும். உள்ளே எங்காவது ஒரு இடம் பலவீனமாக இருந்தால் அதைத் தேடிக் கண்டுபிடித்து உடைக்கவும் செய்யும்.

கிராங்கைக் கொண்டு வந்து இறக்கிய லேத்துக்காரர் நின்று வேடிக்கை பார்த்தார்.

"ரெண்டு ஆள் வேலைய ஒருத்தனா செய்யற. பாத்துடா, தனியா பேச ஆரம்பிச்சுடுவ."

"உன்கிட்ட பேசறதுக்கு அது தேவலாம்."

"காது எப்படி இருக்கு? இன்னும் கேக்குதா, இல்ல பேர மாத்தணுமா?"

"உன் பொண்டாட்டி உன்ன திட்டறது இங்க வரைக்கும் கேக்குது."

லேத்துக்காரர் சிரித்துக்கொண்டே போனார். ஷெட்டு மறுபடியும் அமைதியானது.

முதல் இரண்டு ராடு மாட்டிய நாளில் எலி கூட இருந்தாள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைப்பது ராடு, மொத்தம் நாலு. ராடின் அடிப்பக்கத்தை ஒரு மூடி கிராங்கோடு சேர்த்துப் பிடிக்கும், மூடிக்கு இரண்டு போல்ட். காதுக்காரர் முதல் முறுக்கும் நானே, கடைசி முறுக்கும் நானே என்று மனசில் சொல்லிச் சொல்லிப் போட்டார். பழக்கமில்லாத கையால் சாப்பிடுவது போல் இருந்தது.

எலி இல்லாத ஒரு நாள் மூன்றாவது ராடுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை விழுந்தால் ஷெட்டுக்குள் நம் குரலே நமக்குக் கேட்காது. புழுக்கம் தாங்கவில்லை, கை வழுக்கியது. முதல் முறுக்குப் போட்டார். இடுப்பை நிமிர்த்தினார். "உன்னுது," என்றார். குழாயடிக்குப் போனார்.

சொன்னது அவருக்குத் தெரியாது. வாய் சொன்னது, கால் நடந்தது.

கையில் சோப்புத்தூளைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது மழைச் சத்தத்துக்கு அடியில் கேட்டது. டக் டக்.

அவருடைய தோள் இரண்டும் தானாக இறங்கின. ஆச்சு. உடம்பு இருபது வருஷமாக அந்தச் சத்தத்துக்கு எப்படி இளகுமோ அப்படி இளகியது. யார் தட்டியது என்று மனசு கேட்கவே இல்லை. உள்ளே வந்து கிராங்கைச் சுற்றி அடுத்த ராடைக் கீழே கொண்டு வந்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. வேலை முடிந்தால் டீ வரும். குடித்தார்.

மறுநாள் காலையில் நான்காவது ராடு. மழை விட்டிருந்தது. தெரு முழுக்க ஈரம், ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. முதல் முறுக்கு. "உன்னுது." குழாயடி. டக் டக். இந்தத் தடவை தெளிவாகக் கேட்டது, பக்கத்தில் நின்று தட்டியது போல். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்ஜினின் அடிமூடியைப் போட்டு மூடினார். அன்றைக்கு டீ மட்டும் வரவில்லை. 'டீ வரலையே' என்று ஒரு தரம் நினைத்தார், அவ்வளவுதான்.

என்ஜினை வண்டியில் ஏற்றி, ஆற அமர ஓடவிட்டுப் பதம் பார்த்து, அதற்கப்புறம் உருளை மேல் ஏற்றினார்கள். ஷெட்டுத் தரையில் பதித்த இரண்டு பெரிய உருளை. வண்டி அதன் மேல் நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடும். எலி ஸ்டியரிங்கில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டாள். எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி, நத்தை எவ்வளவு காற்றைத் திணிக்கலாம் என்று அதில்தான் மாற்ற வேண்டும். காதுக்காரர் தன் செப்புக் குழாயை எடுத்தார். ஒரு நுனியைத் தட்டையாக்கி என்ஜினில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். மறு நுனியில் ரப்பர் டியூப், டியூப் முடிகிற இடத்தில் காதுகளை மூடும் இரண்டு கிண்ணம். அதைப் போட்டுக்கொண்டால் வெளிச்சத்தம் போய்விடும். என்ஜினுக்குள் உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். பெட்ரோல் நேரங்கெட்டு வெடித்தால் தகரத்தில் ஜல்லி கொட்டியது மாதிரி கேட்கும். அந்த ஜல்லிச் சத்தம் வந்தால் கையைத் தூக்குவார், எலி உடனே காலை எடுக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

முதல் ஓட்டம் சுத்தம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் காற்றைக் கூட்டினார்கள். நத்தை விசில் அடித்து ஏறியது. உருளை அதிர, அலமாரியில் இருந்த நட்டு டப்பாக்கள் நடந்து நடந்து ஓரத்துக்கு வந்தன. அப்போதுதான் கிண்ணத்துக்குள் கேட்டது.

டக் டக்.

ஜல்லி இல்லை. மெத்தென்று, ஆழத்தில் இருந்து. ஸ்பானர் பிடியால் இரும்பைத் தட்டுகிற அதே சத்தம். கொஞ்சம் விட்டு, மறுபடியும். டக் டக்.

அவர் கையைத் தூக்கவில்லை.

"திரையில ஒண்ணும் இல்ல பெரியப்பா," என்று எலி கத்தினாள். "சுத்தமா இருக்கு. உங்களுக்கு?"

"இன்னொரு தடவ ஏத்து."

ஏற்றினாள். மறுபடியும் கேட்டது. கம்ப்யூட்டர் தேடுவது ஜல்லியை. இந்தச் சத்தத்துக்கு அதற்குக் காது கிடையாது. காதுக்காரருக்கு உண்டு. வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் அந்த நிமிஷமே நிறுத்தி, இது ராடுச் சத்தம், பிரி என்று சொல்லியிருப்பார். இந்த வண்டியில் அவருக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. தட்டுகிறவன் தெரிந்தவனாக இருந்தான்.

அடுத்த நாளும் ஏற்றினார்கள். அதற்கடுத்த நாளும். எல்லாம் முடிந்த பிறகும், "இன்னொரு தடவ," என்பார். கிண்ணம் இரண்டையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

"என்ன பெரியப்பா சிரிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஏதோ பேசினீங்களே? உதடு அசைஞ்சுது."

"சோறு தின்னது போதலன்னு சொன்னேன். வண்டிய ஏத்துடி."

எலி சிரித்தாள். ஆனால் சமையல்கட்டுக்குப் போய் அம்மாவிடம் அதைச் சொன்னாள். சத்தம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் காதுக்காரர் யாரிடமும் சொல்லவில்லை.

ட்ராக்குக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம். சோறும் வெந்த முட்டையும் தட்டில் போட்டு ஷெட்டுக்கே கொண்டு வந்து வைத்தாள் எலியின் அம்மா. வைத்துவிட்டுப் போகவில்லை.

"நாளைக்குக் கிளம்பறா. நீங்க இன்னும் சொல்லலையே மாமா."

காதுக்காரர் முட்டையைப் பாதியாக உடைத்தார். "வண்டி…" என்றார். தண்ணீர் குடித்தார்.

"உள்ள என்ன மாமா கேக்குது? நீங்க சிரிக்கறீங்களாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இந்த வயசில் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "தட்டறாம்மா," என்றார் கடைசியில். "முறுக்கி முடிச்சதும் தட்டுவானே, அந்த மாதிரி. நல்லாக் கேக்குது. மாட்டும்போதே தட்டினான். நான் 'உன்னுது'ன்னு சொல்லிட்டுப் போறேன், பின்னாலயே தட்டறான்."

அவள் கிட்டே வந்தாள்.

"எப்போ மாமா? மழை பெஞ்ச அன்னிக்கா?"

"ஆமா."

"அது நான்தான் மாமா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அடுப்படி வாசல்ல நின்னுட்டு இருந்தேன், மழையில குரல் கேக்கல, உதடு தெரிஞ்சுது. நீங்க 'உன்னுது'ன்னு சொன்னீங்க. சொல்லிட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. அந்த வார்த்த அப்படியே தனியா நிக்குது மாமா. பதில் சொல்ல ஆள் இல்ல. எனக்குத் தாங்கல. ஓடி வந்து அந்த ஸ்பானர எடுத்துத் தட்டிட்டேன். அப்புறம் போய் டீ போட்டேன்."

"முறுக்கினியா?"

"எத?"

"போல்ட்டம்மா! தட்டறதுக்கு முன்னாடி முறுக்கினியா?"

"நான் எதுக்கு அதத் தொடறேன்? எனக்கு என்ன தெரியும்? தட்டினேன், அவ்வளவுதான்."

தட்டு தரையில் விழுந்தது. காதுக்காரர் அதற்குள் வண்டிக்கு அடியில் போய்விட்டார். எண்ணெயை வடித்தார். சட்டியில் விழுந்த எண்ணெயில் மினுமினுவென்று பொடி மிதந்தது. பேரிங் தேய்ந்து உதிர்ந்த பொடி. சத்தம் கேட்டு ஓடிவந்த எலி அந்த மினுமினுப்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விளக்கைப் பிடித்தாள்.

அடிமூடியைக் கழற்றினார். முதல் ராடு, இரண்டாவது ராடு, இரண்டும் கல் மாதிரி இருந்தன. மூன்றாவதில் ஸ்பானரை வைத்தார். வைத்த கனத்திலேயே போல்ட் சுற்றியது. இன்னொன்று அதைவிட மோசம், விரலாலேயே திருகலாம். நாளைக்கு ட்ராக்கில் நத்தை முழுக்க ஏறும்போது மூடி கழன்று, ராடு என்ஜினைப் பொத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும். எண்ணெய் முழுக்கச் சூட்டில் கொட்டித் தீப்பிடித்திருக்கும். அதுவும் முழு வேகம் வருகிற இடம் அந்தத் தூரத்து வளைவுக்கு முன்னால்தான்.

எலியின் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் தட்டினதாலயா?" என்றாள். "நானே என் பொண்ண…"

"நீ இல்லம்மா. நான் கேட்டுட்டே இருந்தேன். மூணு நாளா கேட்டுட்டு இருந்தேன்," என்றார் காதுக்காரர், வண்டிக்கு அடியில் படுத்தபடியே.

நான்காவது ராடுக்கு வந்தார். அதுவும் இப்படித்தான் இருக்கும். ஸ்பானரை வைத்து மெதுவாக அழுத்தினார். அசையவில்லை. இன்னொரு போல்ட்டைப் பார்த்தார். அதுவும் அசையவில்லை. முதல் முறுக்கு மட்டும் வாங்கிய போல்ட் இந்த அழுத்தத்துக்கு நகர்ந்தே ஆக வேண்டும்.

"ஏம்மா, அடுத்த நாள் காலையில தட்டினியே, அப்போ…"

"அடுத்த நாளா? அன்னிக்கு நான் எங்க இருந்தேன்? விடியறதுக்குள்ள என் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டோமே. சாயங்காலம்தான் வந்தோம்."

"நானும் கூடப் போனேன் பெரியப்பா," என்றாள் எலி. "வீட்டப் பூட்டிட்டுத்தான் போனோம்."

அதனால்தான் அன்றைக்கு டீ வரவில்லை.

எங்கிருந்தோ ஒரு சொட்டு எண்ணெய் காதுக்காரர் கன்னத்தில் விழுந்தது, துடைக்கவில்லை. பிறகு டயல் கேஜை எடுத்துத் தரச் சொன்னார். போல்ட் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று முள் காட்டும். முள் போய் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அந்த இடத்தில் நின்றது. அவர் போட்ட முதல் இரண்டு ராடிலும் ஒரு இழை கூடவோ குறையவோதான் இருந்தது. இதில் அதுவும் இல்லை. அவ்வளவு துல்லியமாக முறுக்குகிற கை அவருக்குத் தெரிந்து ஒன்றுதான்.

தானே முறுக்கிவிட்டு மறந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தார். வயசாகிறது, மறக்கக்கூடியவர்தான். ஆனால் அவர் கைக்கு அந்தத் துல்லியம் கிடையாது.

சந்தேகம் வந்த போல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட வேண்டும் என்பது தொழில். காதுக்காரர் ஸ்பானரை அதில் வைத்தார். எடுத்தார். "இது இருக்கட்டும்," என்றார்.

மூன்றாவதுக்குப் புதுப் பேரிங், புது போல்ட். கிராங்கில் கீறல் விழவில்லை, பிழைத்தது. முதல் முறுக்கைப் போட்டுவிட்டு வண்டிக்கு அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தார். எலியைப் பார்த்தார்.

"உன்னுது."

எலி உள்ளே போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். அவர் கேஜை வைத்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினார். எலி ஸ்பானரைத் திருப்பிப் பிடித்துத் தட்டக் கையை ஓங்கினாள்.

"தட்டாத," என்றாள் அம்மா.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இனிமே இந்த ஷெட்டுல யாரும் தட்டக் கூடாது. நான் தட்டினேனா, நீ தட்டினியான்னு குழப்பம் வேணாம். தட்டுக் கேட்டா அது யாருன்னு தெரியணும்."

வெளிச்சம் மங்குவதற்குள் எல்லாம் மாட்டி உருளை மேல் ஏற்றினார்கள். காதுக்காரர் கிண்ணத்தைப் போட்டுக்கொண்டார். எலி ஏற்றினாள், உச்சம் வரைக்கும் ஏற்றினாள். உள்ளே என்ஜின் ஒரே நூலாக ஓடியது. வேறு ஒன்றும் இல்லை. அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. கிண்ணத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினார். காது இரண்டும் காலியாக இருந்தது.

சமையல்கட்டு வாசலுக்குப் போய் நின்றார். "வண்டி சரியா இருக்கும்மா," என்றார். அவள் அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

மறுநாள் ட்ராக்கில் எலி வண்டியை மெதுவாக ஓட்டிப்போய், அப்பா நின்ற மணலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அங்கிருந்து கிளப்பினாள். இந்தப் பக்கம் நின்ற காதுக்காரரும் அம்மாவும் முதலில் விசிலைக் கேட்டார்கள், அப்புறம்தான் வண்டியைப் பார்த்தார்கள். வளைவைத் தாண்டி, அடுத்த வளைவைத் தாண்டி, நேர் ரோட்டில் அவர்களைக் கடந்து போனது. பாதிச் சுற்று முடிந்தது. எலி திரும்பி வந்து நிறுத்தி என்ஜினை அணைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் முழுக்க வேர்வையும் கண்ணீரும்.

சூடு ஆறும்போது இரும்பு டிக் டிக் என்று சின்னச் சின்னதாகச் சத்தம் போடும், அது எல்லா வண்டியும் போடுவதுதான். காதுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். டிக். டிக். டிக். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

டக் டக்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. பின்னால் பிளாஸ்க் மூடி திருகுகிற சத்தம் கேட்டது.

"என்னம்மா, இப்பவே டீயா? வீட்டுக்குப் போய்க் குடிக்கலாம்ல," என்றாள் எலி.

"வேலை முடிஞ்சிடுச்சே," என்றாள் அம்மா, ஊற்றிக்கொண்டே.